தட்டிக்குப் பின்னால் ஜிபெக்

எங்கள் வாத்தியார் முரோதா சென்செய்யின் பணி ஓய்வு விருந்துக்கு நான் போயிருக்கவே கூடாது. நாடு நாடாக அலைந்துவிட்டு டோக்கியோ திரும்பிய கையோடு அழைப்பு வந்தது. பழைய முகங்களைப் பார்க்கலாமே என்று கிளம்பிவிட்டேன். ஷிஞ்ஜுகுவில் ஒரு ஹோட்டலின் பெரிய கூடம். எங்கள் இசைக் கல்லூரியில் அவரிடம் செல்லோ படித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த மாணவர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தவள் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

சென்செய் மைக்கைப் பிடித்தார். ஒவ்வொரு மாணவராக நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்.

"இதோ உக்காந்திருக்கானே ஹயாஸே, இவனைத் திட்டித் திட்டியே என் தொண்டை போச்சு. டாக்டர் செலவை இவன் தலையிலதான் கட்டணும்."

கூடம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த ஹயாஸே எழுந்து நாலு பக்கமும் வணங்கிவிட்டு உட்கார்ந்தான். பட்டம் வாங்கிய அன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

"ஆனா கிர்கிஸ்தான்லேர்ந்து ஜிபெக் சான்னு ஒருத்தங்க வந்தாங்க. ரெண்டு வருஷம் என்கிட்ட படிச்சாங்க. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, நான் குரலை உயர்த்த வேண்டி வந்ததில்லை. அப்படி ஒரு மாணவி."

கூடம் முழுவதும் உருகியது. கைதட்டல். குச்சிகளுக்கு நடுவே பிடித்திருந்த மீன் துண்டை நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"ஷிஹோ சான், வேண்டாம்," என்று முணுமுணுத்தான் ஹயாஸே. "பேசாம சாப்பிடுங்க."

"இதைக் கேட்டுட்டு எப்படிடா சாப்பிடறது?"

"சின்னச் சின்ன வாயா."

அது அவருடைய விருந்து. மேசையில் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சையும் அந்தக் கைதட்டலையும் அப்படியே விட்டுவிட முடியாது. குரலை உயர்த்தவில்லையாம்! ஜிபெக் யார், அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஜிபெக்கின் ஊர் நாரின். மலைமேல் இருக்கிறது. அவள் அப்பா கணவாய் வழியாக நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். ஊர் இசைப்பள்ளியில் சேரப் போனபோது வயலின்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. நீ உயரமாக இருக்கிறாய், இதைப் பிடி என்று ஒரு பழைய செல்லோவைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு தலைநகரான பிஷ்கெக்கில் கெனேஷ் என்ற வாத்தியாரிடம் படித்தாள். அவர், மாணவர்கள் தவறாக வாசித்தால் வில்லில் தேய்க்கும் பிசின் கட்டியைத் தூக்கி எறிவாராம். "குறி தப்பவே தப்பாதுடி," என்று நெற்றியோரம் இருந்த சின்னத் தழும்பைக் காட்டுவாள், யாரோ பரிசு கொடுத்த தோட்டைக் காட்டுவது மாதிரி.

எங்கள் கல்லூரிக்கு மேற்படிப்புக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அகலமான தோள், பெரிய கை, வாயை மறைக்காமல் சிரிக்கிற சிரிப்பு. கல்லூரியில் தந்தி வாத்தியம் படிப்பவர்கள் தங்களுக்கான பியானோக்காரரைத் தாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். பாடத்துக்கும் கூடவே அழைத்துப் போக வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பருவநிலை பற்றி விசாரித்து ஒரு செய்தி வரும். பிறகு, உங்களுக்கு மிகவும் வேலை இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் என்று இன்னொரு செய்தி வரும். ஜிபெக் நேரே உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து தட்டை வைத்தாள்.

"நீ பியானோவா?"

"ஆமா."

"ஹயாஸேக்கு வாசிச்சதைக் கேட்டேன். அவனை நீதான் தாங்கிப் பிடிக்கிற. எனக்கும் வாசிப்பியா?"

வாயில் இருந்த நூடுல்ஸை விழுங்குவதற்குள் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

ஆக செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு இரண்டு பாடங்கள். முதலில் ஹயாஸே, அடுத்து ஜிபெக். ஒரே அறை, ஒரே ஆசிரியர்.

ஹயாஸேயின் பாடம் இப்படிப் போகும்:

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே? திரும்ப வாசி. இல்ல, வேண்டாம், திரும்ப வாசிக்காதே, இன்னொரு தடவை கேட்டா நான் செத்துடுவேன். வில்லைக் குடு. இங்க பாரு. மணிக்கட்டு. ம-ணி-க்-க-ட்-டு. உனக்கு மணிக்கட்டுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அம்மா வீட்டுல விட்டுட்டு வந்தியா?"

ஹயாஸே வியர்த்து விறுவிறுத்து வெளியே போவான். ஆனால் போகும்போது அவன் மணிக்கட்டு சரியாகியிருக்கும்.

அடுத்து ஜிபெக் உட்காருவாள். அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. பலமாக வாசிக்கும்போது அந்தச் செல்லோவின் சத்தம் கட்டடத்தையே நிரப்பும். ஒரு சுரம் தவறாது. மெதுவாக வாசிக்கச் சொல்லும் இடங்களில், அதுவும் மேலே ஏறும்போது, சுருதி ஒரு மயிரிழை கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும். தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்கும். நாற்பது வருடம் செல்லோ வாசித்த முரோதா சென்செய்க்குக் கேட்காமல் இருக்குமா?

வாசித்து முடிப்பாள். சென்செய் கையைத் தட்டுவார்.

"அழகா இருந்துதுங்க, ஜிபெக் சான். உங்க ஊர் மலைக்காத்து அப்படியே கேக்குது."

எங்களை எல்லாம் 'நீ' என்று கூப்பிடுகிறவர் அவளை மட்டும் மரியாதைக்கு 'சான்' சேர்த்து 'நீங்க' என்பார். பிறகு என் பக்கம் திரும்புவார். முகம் மாறிவிடும்.

"ஷிஹோ! பியானோ ஏன் இப்படி மேல நிக்குது? செல்லோவைக் கேட்டு வாசிக்கத் தெரியாதா?"

பியானோ என்ன, நான் நினைத்தால் ஏறவும் இறங்கவும்? கட்டையைத் தட்டினால் அதற்கு வைத்திருக்கிற சுரம் வருகிறது. ஆனாலும் ஆசிரியர் சொல்லிவிட்டார். "மன்னிக்கணும்" என்று தலை குனிந்தேன். அடுத்த வாரம் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வரவழைத்தார்கள். அதற்கடுத்த வாரமும் அதே சுருதி, அதே மலைக்காத்து. "மழைக்காலம், இல்லையா? பியானோ ஈரம் குடிச்சிருக்கும்," என்றார் சென்செய்.

ஜிபெக் என் தோளில் கை வைத்து, "பாவம்டி நீ. இவ்வளவு பெரிய காலேஜ்ல உனக்கு ஒரு நல்ல பியானோ இல்லை," என்றாள்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன். "பியானோ இல்ல, ஜிபெக். நீதான்."

அவள் கோபப்படவில்லை. செல்லோப் பெட்டியை இறக்கி வைத்தாள். "எங்க?"

"மெதுவா வாசிக்கிற இடத்துல. மேல ஏறும்போது. கொஞ்சம் கீழ விழுது."

"ஏன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பியானோ. விழுதுன்னுதான் சொல்ல முடியும். ஏன் விழுதுன்னு செல்லோக்காரங்கதான் சொல்லணும்."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிஷ்கெக்கின் நாடக அரங்கு இசைக்குழுவில் ஒரு செல்லோக்காரர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்த ஏப்ரலில் அந்த இடத்துக்குத் தேர்வு. அந்தக் குழுவில் ஒரு நாற்காலி காலியானால் அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்காகத்தான் அவள் கடல் தாண்டி வந்திருந்தாள். முதல் சுற்று திரைக்குப் பின்னால் வாசிக்க வேண்டும். திரைக்கு முன்னால் உட்கார்கிறவர்களுக்கு மலைக்காத்து எதுவும் கேட்காது, சுருதி மட்டுமே கேட்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேராகவே கேட்டாள். "சென்செய், மெதுவா வாசிக்கும்போது என் சுருதி இறங்குதா?"

சென்செய் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்.

"அது உங்க தனித்தன்மைன்னு நினைச்சுக்கோங்களேன்."

"எனக்கு அது வேண்டாம் சென்செய். எதனால இறங்குது?"

"அவசரப்படாதீங்க. ஆமா, போன வாரம் நாரா போனீங்களாமே? மான் எல்லாம் பாத்தீங்களா?"

அன்று சாயங்காலம் முழுக்க அவள் மானைத் திட்டினாள்.

ஜிபெக் விடிகாலையில் சாப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள். ஓடும் பட்டையில் பெட்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் சோற்றின் நட்டநடுவில் ஓர் உமேபோஷி, அந்தச் சிவப்பு ஊறுகாய்ப் பழம், வைக்க வேண்டும். அங்கே ஓகுமா சான் என்று ஒரு மேற்பார்வைக்காரி.

"இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?" என்று ஜிபெக் ஓடிவருவாள். "'ஏய் குதிரை! இது நடுவா? உன் கண்ணுல நடு எங்க இருக்கு? வலது பக்கம் சாஞ்சிருக்கு பாரு. கட்டை விரலால தள்ளாதே, ரெண்டு விரலால வை!' அப்படின்னு கத்தினா. ரெண்டு விரலால வெச்சேன். நடுவுல உக்காந்துச்சுடி!"

"குதிரைன்னா கூப்பிட்டா?"

"அவ எல்லாரையும் ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவா. பக்கத்துல இருக்குறவ பேரு தவளை." பிறகு அவள் முகம் இறுகியது. "அங்க அந்தப் பழம் நடுவுல இருக்கணும்னு அவளுக்கு அக்கறை இருக்கு. இங்க என் சுரம் எங்க விழுந்தாலும் யாருக்கும் ஒண்ணுமில்ல. நான் வருவேன், வாசிப்பேன், ரெண்டு வருஷத்துல போயிடுவேன். எதுக்கு மெனக்கெடணும்?"

எங்கள் ஊரில் வாத்தியார் கத்துகிறார் என்றால் உன்னை நம் ஆளாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். விருந்தாளியிடம் யாரும் கத்துவதில்லை. இரண்டு வருடப் பாடத்துக்கு வந்தவளை வாசலிலேயே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார் மனுஷர்.

இலையுதிர்காலத்தில் அது நடந்தது. கீழ்த்தளத்துப் பயிற்சி அறை ஒன்றை ஹயாஸே தன் பெயரில் பிடித்து வைத்திருந்தான். பல்வலி வந்து, அதை ஜிபெக்குக்குக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போய்விட்டான். நானும் அவளும் அந்த மெதுவான பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். டின் காபி எடுக்கும் இயந்திரம் அந்தத் தாழ்வாரத்தில்தான் இருந்தது.

கதவு படாரென்று திறந்தது.

"ஏய் ஹயாஸே! எத்தனை தடவைடா சொல்றது? மெதுவான்னா தூங்கிடுவியா? சுருதி கிணத்துல விழுது பாரு! அந்தக் கட்டை விரலை—"

முரோதா சென்செய். ஒரு கையில் காபி டின். சிவந்த முகம். ஜிபெக்கைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஜிபெக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "கட்டை விரலை? கட்டை விரலை என்ன பண்ணணும் சென்செய்?"

"ஐயோ. மன்னிக்கணும். ரொம்ப மன்னிக்கணுங்க. ஹயாஸேன்னு நினைச்சு..." குனிந்தார், மறுபடி குனிந்தார். காபி தளும்பியது. "அழகா இருந்துதுங்க. நடத்துங்க, நடத்துங்க." கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அதே சுருதி. ஹயாஸே வாசித்தால் கிணறு. ஜிபெக் வாசித்தால் மலைக்காத்து.

ஜிபெக் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியும்," என்றாள். "ஷிஹோ, அவருக்கு எல்லாமே தெரியும். சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே தெரியும்."

அதற்குப் பிறகு அவள் கட்டை விரலை என்னென்னவோ செய்து பார்த்தாள். அழுத்தினாள், தூக்கினாள், மடக்கினாள். விரல் வீங்கியதுதான் மிச்சம். ஹயாஸேயிடம் கேட்டாள். "எங்கிட்ட 'கட்டை விரலை நெரிக்காதே'ன்னு சொல்லுவாருங்க. ஆனா அது என் கட்டை விரலுக்கு. உங்களுக்கு என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியலைங்க, ஜிபெக் சான்," என்று அவன் கையைப் பிசைந்தான். பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எனக்கு ஒரே ஒரு தடவை 'அழகு'ன்னு சொன்னா ஆயுசு முழுக்கப் போதும். உங்களுக்கு வாராவாரம் சொல்றாரு," என்றான்.

"மொத்தத்தையும் நீயே வெச்சுக்கோ. உன் ஒரு செவ்வாய்க்கிழமையை எனக்குக் குடு."

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். நானும் கூடப் போனேன். மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண் எங்களை உட்காரவைத்தார்.

"யாராவது உங்களைத் திட்டிட்டாங்களா? புகார்னா மூணாவது ஜன்னல்."

"யாரும் திட்டலை. அதான் புகார்," என்றாள் ஜிபெக்.

அந்தப் பெண் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டார். "திட்டலைன்னா... நல்லதுதானேங்க?"

"மத்தவங்களை எல்லாம் திட்டுறார். அவங்க சரியாயிடுறாங்க. என்னையும் திட்டணும். அதுக்கு எந்த ஜன்னல்?"

"அதுக்கு... ஜன்னல் எதுவும் இல்லைங்க." குரலை இன்னும் தாழ்த்தினார். சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆசிரியர் வெளிநாட்டு மாணவர் ஒருவரிடம் கத்திவிட்டாராம், அந்த மாணவர் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாராம், பெரிய சங்கடமாகிவிட்டதாம். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்களைக் கூட்டி, வெளிநாட்டவர்களிடம் பக்குவமாக நடந்துகொள்ளச் சொல்கிறார்களாம். "எல்லாம் உங்க நன்மைக்குத்தாங்க."

"யாரோ ஒருத்தன் அழுதான்னு எனக்குப் பாடம் கிடையாதா?"

"மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் இனிப்பு செய்யச் சொல்லித் தர்ற பயணம் இருக்கு. பேரு சேத்துக்கவா? இலவசம்தான்."

வெளியே வந்து நான் கத்தினேன், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. ஜிபெக் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை இனிப்பு செய்யவும் போனாள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து காட்டினாள். மாவு வெடித்து உள்ளே வைத்த பயற்று விழுது முழுதும் வெளியே வந்திருந்தது.

"இதையும் அழகுன்னாங்கடி," என்றாள். "இதையும்."

பிப்ரவரியில் அவளுடைய கடைசிச் செல்லோ பாடம் வந்தது. அதற்குள் அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள்.

பெரிய ஒத்திகைக் கூடத்தில் எக்காளம் ஊதுபவர்களின் சத்தத்தைத் தடுக்கச் சக்கரம் வைத்த தட்டிகள் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல். அதில் ஒன்றை ஜிபெக் தாழ்வாரம் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் பூனைக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே வந்தது. பின்னால் ஹயாஸே இரண்டு செல்லோக்களையும் சுமந்துகொண்டு வந்தான்.

"என்னையும் சேர்த்துக் கொன்னுடுவாருங்க."

"உன்னை எப்படியும் வாராவாரம் கொல்றார். இந்த ஒரு வாரம் எனக்காகச் சாவு."

சென்செய் தட்டியைப் பார்த்தார். "இது என்னங்க?"

"ஊர்ல முதல் சுற்று திரைக்குப் பின்னால, சென்செய். அதுக்குப் பயிற்சி. நானும் ஹயாஸேயும் மாத்தி மாத்தி வாசிக்கிறோம். யார் வாசிக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. 'முதல் ஆள்', 'ரெண்டாவது ஆள்'னு மட்டும் சொல்லுங்க."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். தட்டியைக் கண்ட நிம்மதிதான். "நல்ல யோசனைங்க. ரொம்ப நல்ல யோசனை," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஹயாஸே வாசித்தான். நான் பியானோ. வழக்கமான வசவு விழுந்தது. அடுத்து ஜிபெக். இரண்டு பேரின் நாதத்தையும் கைக்குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஹயாஸேயுடையது மெல்லிசு, ஜிபெக்குடையது கம்பளி மாதிரி கனம். தட்டியால் எதையும் மறைக்க முடியாது. மறைக்க வேண்டியதும் இல்லை. அவளுடைய முகம் தெரியாமல் இருந்தால் போதும். மெதுவான இடம் வந்தது. மேலே ஏறினாள். இறங்கியது.

முடிந்ததும் சென்செய் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ரெண்டாவது ஆள்," என்றார் சென்செய். குரல் மாறியிருந்தது. "என்ன இது? இவ்வளவு நல்ல கையை வெச்சுக்கிட்டு இப்படியா வாசிக்கிறது? உனக்கு யார் சொல்லிக்குடுத்தாங்க இப்படி?"

ஹயாஸே தன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் பியானோக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொல்லிக்கொடுத்தார்களாம்!

"சத்தமா வாசிக்கிறப்ப நேரா மேல போய் உக்காருது. மெதுவான்னதும் கிணத்துல விழுது. ஒரு நாளாவது ஏன்னு யோசிச்சியா? யோசிச்சிருக்க மாட்டே! மேல போறப்ப உன் கட்டை விரல்—"

சக்கரம் கிறீச்சிட்டது. தட்டி நகர்ந்தது. ஒரு கையில் செல்லோவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தள்ளியிருந்தாள் ஜிபெக். அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்லூரியில் நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"என் கட்டை விரல்?"

சென்செய் எழுந்துவிட்டார். சிவந்திருந்த முகம் வெளுத்தது. இடுப்பு வரை குனிந்தார். "மன்னிக்கணும், ஜிபெக் சான். ஒரு வேகத்துல... பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"இல்ல சென்செய். சொல்லுங்க. கட்டை விரல்?"

"உங்க வாசிப்பு ரொம்ப அழகா—"

"ஏப்ரல்ல அங்க யாரும் அழகுன்னு சொல்லிட்டு நாற்காலியைக் குடுக்க மாட்டாங்க. ரெண்டு வருஷமாச் சொல்லாததை இன்னிக்குப் பாதி சொல்லிட்டீங்க. மீதி?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண் பியானோவுக்குப் போனது. நான் பியானோவின் மூடியைச் சாத்தினேன்.

அவளை நேருக்கு நேர் பார்த்து அந்த ஒரு வாக்கியத்தை அவரால் சொல்ல முடியவில்லை. கெட்ட மனசு இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை. நல்ல மனசோடு ஒருத்தியின் இரண்டு வருடத்தை இப்படித் தின்ன முடிகிறதே!

ஜிபெக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பிசின் கட்டியை எறிந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வெளிச்சம் மெல்ல மெல்ல முகத்தைவிட்டுப் போனது. பிறகு தட்டியின் விளிம்பைப் பிடித்து அவளே இழுத்தாள். சக்கரம் மறுபடி கத்தியது. தன் முகத்தைத் தானே மறைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். தட்டியின் அடியில் அவளுடைய சாம்பல் நிறக் காலுறைகள் மட்டும் தெரிந்தன.

"ரெண்டாவது ஆள் காத்துக்கிட்டிருக்காங்க, சென்செய்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிறகு அவர் உட்கார்ந்தார். தட்டியைப் பார்த்து, தட்டியிடம் சொன்னார்.

"சத்தமா வாசிக்கிறப்ப முழங்கையோட சேர்ந்து மேல போறே. மெதுவான்னதும் பயந்துக்கிட்டு விரலை மட்டும் நீட்டுறே. கட்டை விரல் பின்னாலயே நின்னுடுது. அது கையைப் பிடிச்சு இழுக்குது, சுருதி விழுது. கட்டை விரலைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போ. மெதுவாத்தான் வாசிக்கிறே, ஆனா முழுக் கையும் போகணும். வாசி."

நான் மூடியைத் திறந்தேன். அவள் வாசித்தாள். விழுந்தது. "போகலை! இன்னும் நிக்குது! என்ன, கட்டை விரலை ஆணி அடிச்சு வெச்சிருக்கியா?" மறுபடி வாசித்தாள். கொஞ்சமாக விழுந்தது. "ம். திரும்ப." அடுத்த முறை செல்லோவும் பியானோவும் ஒரே சுரத்தில் வந்து நின்றன. முதல் தடவையாக. என் விரல்நுனியில் அது அதிர்ந்தது. தட்டியின் அடியில் ஒரு கால் தரையை ஓங்கி உதைத்தது.

அந்த ஒரு மணி நேரம் அவர் கற்பித்த மாதிரி யாரும் கற்பித்து நான் பார்த்ததில்லை. விரல் விரலாக, கத்தி, கெஞ்சி, கேலி பண்ணி, ஒரு தட்டிக்குப் பாடம் எடுத்தார். இத்தனையும் அவரிடம் இருந்தது. இரண்டு வருடமாக, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஏப்ரலில் பிஷ்கெக்கில் அவளுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. பிறகு என் அலைச்சலில் ஒருமுறை அங்கே போய் அவள் வீட்டில் தங்கினேன். ஒத்திகையில் இசைக்குழுவை நடத்துகிறவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளுத்து வாங்கியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவள் வில்லை ஆட்டி எனக்குச் சைகை காட்டினாள்: கேட்டியா, கேட்டியா?

ஓய்வு விருந்து முடிந்து எல்லோரும் கோட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் சென்செய் பக்கத்தில் போய் நின்றேன். ஹயாஸே என் கைப்பையின் வாரைப் பின்னாலிருந்து இழுத்தான். உதறிவிட்டேன்.

"சென்செய், ஜிபெக்கோட கடைசிப் பாடம் ஞாபகம் இருக்கா? கட்டை விரல்?"

"கட்டை விரலா?" அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்லையேம்மா. ஜிபெக் சானுக்குக் கட்டை விரல்ல எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லையே."

"தட்டி? சக்கரம் வெச்ச தட்டி?"

"தட்டியா..." பிறகு எதுவோ ஞாபகம் வந்து அவர் முகம் மலர்ந்தது. என் தோளை அன்பாகத் தட்டினார்.

"ஆங், ஷிஹோ! இப்ப ஞாபகம் வருது. அந்த ரூம்ல ஒரு பியானோ இருந்துச்சே. எவ்வளவு சொல்லியும் கடைசி வரைக்கும் அதை யாரும் சரி பண்ணவே இல்லை, பாரு."